அல்டிமா 4: எந்த வடிவத்தில் ஆடுவது, டாஸ் இசை, சேமிப்புக் கோப்பு

#1 நிலவுவாசல்

வணக்கம் நண்பர்களே. பாத்திரமேற்று ஆடும் (ஆர்பிஜி) பழைய கணினி ஆட்டமான அல்டிமா 4-ஐ முதல்முறையாக முழுசா ஆடி முடிக்கணும். மூணு கேள்வி.

டாஸ், கொமடோர் 64, நின்டெண்டோ, மாஸ்டர் சிஸ்டம் என்று இத்தனை வடிவம் இருக்கே, புதுசா ஆடுறவங்களுக்கு எது? லினக்ஸ் மடிக்கணினிக்கு, பழைய டாஸ் நிரல்களை ஓட்டுற டாஸ்பாக்ஸ் போதுமா, எக்ஸ்யு4 வேணுமா? டாஸ் வடிவத்துல துளி இசைகூட வரல, அமைப்புல ஏதாவது தப்பா?

கதையைப் போட்டு உடைச்சிடாதீங்க.

#2 பழைய_பிளாப்பி

கடைசிக் கேள்வியிலிருந்து வரேன். அமைப்புல தப்பு இல்ல. 1987-ல வந்த டாஸ் வடிவத்துல இசையே கிடையாது, பீசி ஸ்பீக்கர் சத்தம் மட்டும்தான். 1985-ல வந்த ஆப்பிள் 2 மூலத்துல மாக்கிங்போர்டு ஒலி அட்டை இருந்தா இசை வரும். கொமடோர் 64-ல உள்ளேயே இருக்கிற சிட் ஒலிச் சில்லு வாசிக்கும். டாஸுக்கு மாத்தினப்ப அதை அப்படியே விட்டுட்டாங்க.

ரசிகர்கள் பின்னால ஒரு மேம்பாட்டுத் தொகுப்பு போட்டாங்க. 16 நிற ஈஜிஏ படங்களுக்குப் பதிலா 256 நிற விஜிஏ படங்கள், கூடவே மிடி இசை. செய்ய வேண்டியது:

முதல்ல ஜிஓஜி தளத்துல ஆட்டத்தை இலவசமா எடுத்துக்குங்க. ஆட்டக் கோப்புறையை அப்படியே இன்னொரு பெயர்ல நகலெடுங்க, ஏன்னா தொகுப்பு நிரல் கோப்புகளையே மாத்தும், திரும்பிப் போக வழி வேணும். தொகுப்பை நகல்ல விரிச்சு, டாஸ்பாக்ஸுக்குள்ள அதோட அமைப்பு நிரலை ஓட்டிப் படத்துக்கு விஜிஏ, இசைக்கு ஒலி அட்டை என்று தேர்ந்தெடுங்க.

லினக்ஸ்ல பெரும்பாலும் இங்கதான் சிக்கும். இசைக்கு மிடின்னு தேர்ந்தெடுத்துட்டு, கணினியில மிடியை வாசிக்கிற மென்பொருளே இல்லேன்னா எல்லாம் சரியா ஓடும், சத்தம் மட்டும் வராது. மிடியை வாசிக்கிற ஃப்ளூயிட்சிந்த் மென்பொருளை நிறுவி ஒரு சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகள் இருக்கிற கோப்பு) கொடுத்து, டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்புல மிடி சாதனத்தை அதுக்குத் திருப்புங்க. டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்ங்கிற புது வகைன்னா ஃப்ளூயிட்சிந்த் உள்ளேயே இருக்கு, சவுண்ட்ஃபான்ட் கோப்பு மட்டும் கொடுத்தா போதும்.

டாஸ்பாக்ஸோட வேகத்தை முடிவு செய்யுற சைக்கிள் எண்ணிக்கையைத் தொடாதீங்க. டாஸ்பாக்ஸ் 0.74-ல ஆட்டோன்னு விட்டா அந்தக் காலத்து நிரல்களுக்கு 3000-ல நிக்கும், அது சரியான வேகம். மேக்ஸ்னு வச்சுட்டு சண்டை கண்ணுக்கே தெரியலன்னு வந்து கேக்குறவங்கதான் நிறைய.

#3 மூலநிரல்

லினக்ஸ் என்றால் எக்ஸ்யு4 தான் என் பரிந்துரை. இது பழைய கணினியைப் போல நடிக்கும் முன்மாதிரியாக்கி (எமுலேட்டர்) அல்ல. ஆட்டத்தின் இயந்திரத்தைப் புதிதாக எழுதி, டாஸ் வடிவத்தின் வரைபடம், உரையாடல், படக் கோப்புகளை அப்படியே படிக்கும் திறமூல நிரல். ஆட்டத் தொகுப்பு, மேம்பாட்டுத் தொகுப்பு இரண்டின் ஜிப் கோப்புகளையும் விரிக்காமல் நிரல் இருக்கும் இடத்திலேயே வைத்தால் போதும். ஜிஓஜி கோப்புறையிலிருந்து எடுப்பதானால் அதற்கு "அல்டிமா4" என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெயரிட்டு அதே இடத்தில் வையுங்கள்.

சேமிப்புக் கோப்புகளின் வடிவமும் டாஸில் உள்ளதேதான். இரண்டுக்கும் இடையே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டாஸ் எழுதும் பெயர்கள் பேரெழுத்தில் இருக்கும், எக்ஸ்யு4 சிற்றெழுத்தில் தேடும். லினக்ஸுக்கு இவை வேறு வேறு கோப்புகள். பெயரை மாற்றாமல் நகலெடுத்தால் சேமிப்பே இல்லை என்று சொல்லிவிடும். பார்ட்டி, மான்ஸ்டர்ஸ், அவுட்மான்ஸ்ட் ஆகிய மூன்றையும் சேர்த்தே நகர்த்துங்கள். நிலவறைக்குள் சேமித்திருந்தால் டிஎன்ஜிமேப் கோப்பும் வேண்டும். பார்ட்டி கோப்பை மட்டும் நகர்த்தினால் நீங்கள் நிறுத்திவைத்த கப்பல் போய்விடும், ஏனெனில் கப்பல் அரக்கர்களோடு சேர்த்து மான்ஸ்டர்ஸ் கோப்பில் இருக்கிறது.

இன்னொன்று. அமைப்புப் பட்டியலில் "மேம்பாடுகள்" என்ற பகுதி உண்டு. அல்டிமா 5 பாணிச் சண்டை, அல்டிமா 5 பாணியில் மந்திரத்துக்கு மூலிகை கலப்பது, வெட்டினால் இரண்டாகும் சிலைம் அரக்கன் போன்றவை அங்கே உள்ளன. முதல் ஆட்டத்துக்கு இவற்றை அணைத்துவிடுங்கள். மூலிகைக் கலவை மட்டும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், விரல் வலி குறையும்.

#4 கேட்ரிட்ஜ்

ரெண்டு பேரும் கன்சோல் வடிவங்களைக் கண்டுக்கவே இல்லையே. மாஸ்டர் சிஸ்டம் வடிவம் 1990-ல சேகாவே செஞ்சது. உலக வரைபடம், ஊர்கள், ஆட்டத்துல நாம தேற வேண்டிய எட்டு அறங்கள், எட்டுப் பேர் குழு எல்லாம் மூலத்தை ஒட்டியே இருக்கு. நிலவறை மட்டும் முதல்நபர் பார்வையில இல்லாம மேலிருந்து பார்க்கிற மாதிரி மாறிடுச்சு. பேட்டரி வச்ச கேட்ரிட்ஜ், வட்டு மாத்துற தொல்லை கிடையாது. சாய்வு நாற்காலியில உக்காந்து ஆட இதை விட நல்லது இல்ல.

நின்டெண்டோ வடிவம் வேற கதை. ஜப்பான்ல போனி கேன்யன், அமெரிக்காவுல எஃப்சிஐ வெளியிட்டது. படம் எல்லாம் அந்தக் காலத்து ஜப்பான் ஆர்பிஜி பாணி. குழுவுல ஒரே நேரத்துல நாலு பேர்தான், மத்தவங்க கோட்டையில காத்திருப்பாங்க. உரையாடலைச் சுருக்கிட்டாங்க. ஆனா வேகமா ஓடும், சண்டை சீக்கிரம் முடியும். எட்டுப் பேரையும் ஒவ்வொரு அடியா நகர்த்திச் சண்டை போடப் பொறுமை இல்லாதவங்களுக்கு இது மோசம்னு சொல்ல மாட்டேன்.

#5 பழைய_பிளாப்பி

> உரையாடலைச் சுருக்கிட்டாங்க

அதுதானே பாஸ் இந்த ஆட்டத்தோட உயிரே! டாஸ், கொமடோர், ஆப்பிள் வடிவங்கள்ல ஒரு ஆள்கிட்ட என்ன கேக்கணும்னு நீங்களே சொல்லைத் தட்டணும். பெயர், தொழில், நலம்னு ஆரம்பிச்சு, அவர் சொன்ன பதில்ல ஒரு சொல்லைப் பிடிச்சு அதையே திருப்பிக் கேக்கணும். ஒரு ஊர்ல கேட்ட பெயரை வேற ஊர்ல போய்ச் சொன்னாதான் முடிச்சு அவிழும். பட்டியல்லேருந்து தேர்ந்தெடுன்னு கொடுத்துட்டா கேள்வியே விடையைக் காட்டிக் கொடுத்திடும். நாலு பேர் குழுவும் அதே மாதிரிதான். எட்டு அறத்துக்கு எட்டுப் பேர்னு கட்டின ஆட்டத்துல பாதிப் பேரை விடுதியில படுக்க வச்சா அப்புறம் என்ன மிச்சம்?

நண்பருக்கு: எந்தச் சொல்லா இருந்தாலும் முதல் நாலு எழுத்து போதும், ஆட்டம் அவ்வளவுதான் பார்க்கும். பக்கத்துல ஒரு நோட்டு வச்சுக்குங்க, இது இல்லாம டாஸ் வடிவத்தை முடிக்க முடியாது.

#6 கேட்ரிட்ஜ்

சரி, நின்டெண்டோவுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா மாஸ்டர் சிஸ்டத்தையும் அதையும் ஒரே கூடையில போடாதீங்க.

#7 சிட்பிரியன்

இசைக்காகவே ஆடணும்னா கொமடோர் 64 தான். கென் ஆர்னால்டின் மெட்டுகள் சிட் சில்லில் வரும் அளவுக்கு வேறெதிலும் வராது.

வைஸ் முன்மாதிரியாக்கியில் ஓட்ட நாலே குறிப்பு. ஆட்டம் மொத்தம் நான்கு வட்டுப் பக்கம். ஒவ்வொரு டி64 கோப்பும் (வட்டுப் பக்கத்தின் நகல்) 1,74,848 பைட் இருக்கிறதா என்று பாருங்கள்; அதைவிடச் சிறியதாக இருந்தால் பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கும். ஆட்டம் வட்டில் எழுதும், ஆகவே கோப்புக்கு எழுதும் அனுமதி இருக்க வேண்டும். ஜிப்புக்குள்ளிருந்தே நேரடியாக மாட்டினால் சேமிப்பு காற்றோடு போய்விடும். உண்மையான வட்டு இயக்கியைப் போலவே நடிக்கும் ட்ரூ டிரைவ் எமுலேஷனை அணைக்காதீர்கள். வட்டு ஏறும்போது ஆல்ட்டும் டபிள்யூவும் சேர்த்து அழுத்தினால் வார்ப் எனும் அதிவேகம், மறுபடி அழுத்தினால் பழைய வேகம்.

முன்மாதிரியாக்கி அந்த நொடியின் நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை நம்பி ஆடுவதுதான் பெரிய ஆபத்து. ஸ்னாப்ஷாட் நினைவகத்தைப் பிடிக்கும், வட்டுப் படத்தையும் சேர் என்று தனியே குறியிடாவிட்டால் வட்டை விட்டுவிடும். ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு ஆட்டத்துக்குள் ஒருமுறை சேமித்து, பின்பு பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் நினைவகம் ஒரு காலத்திலும் வட்டு இன்னொரு காலத்திலும் நிற்கும். கியூ விசையால் சேமித்து, டி64 கோப்பை நகலெடுத்து வைப்பதே பத்திரம்.

#8 நிலவுவாசல்

நன்றி. எக்ஸ்யு4 போட்டாச்சு, இசையோட ஓடுது. இப்ப வேற சிக்கல். இரக்கத்துக்கான கோயில்ல மூணு சுற்று தியானம் பண்ணியும் அந்த அறத்துல மேலே ஏறல. மந்திரம் சரி, கோயிலுக்குள்ள விடுற ரூனும் கையில இருக்கு. பிச்சைக்காரங்களுக்கு நிறையக் கொடுத்திருக்கேன். எங்க இடிக்குது?

#9 மூலநிரல்

ஒவ்வோர் அறத்துக்கும் மறைவாக ஓர் எண் ஓடுகிறது. எல்லோருக்கும் 50-இல் தொடங்கும். தொடக்கத்தில் ஜிப்ஸிப் பெண் கேட்கும் ஏழு கேள்விகளில் நீங்கள் தேர்ந்த அறத்துக்கு ஒவ்வொரு முறையும் 5 கூடும். எட்டு அறங்கள் நாக்அவுட் முறையில் மோதுகின்றன: நான்கு, இரண்டு, ஒன்று, மொத்தம் ஏழு கேள்வி. வென்ற அறம் 65-இல் நிற்கும், உங்கள் தொழிலையும் அதுவே முடிவு செய்யும். கோயிலில் ஏற 99 வேண்டும். 98 இருந்தாலும் ஏற்றாது.

நீங்கள் இடறும் இடம் பெரும்பாலும் இது: பிச்சை போடுவது, கோயிலில் தியானிப்பது, பணிவான பதில் சொல்வது போன்ற சில நற்செயல்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. 16 நகர்வுக்கு ஒருமுறைதான் எண்ணில் சேரும். ஒரே இடத்தில் நின்று பத்து முறை பொன் கொடுத்தால் முதல் தடவை மட்டும் 2 கூடும், மற்றவை பொன் நட்டம். 50-இலிருந்து 99 வரை பிச்சையாலேயே ஏறுவதென்றால் இடைவெளி விட்டு ஏறத்தாழ இருபத்தைந்து முறை.

அடுத்தது, தீமையற்ற விலங்குகளை நீங்களாகப் போய்த் தாக்குவது. பாம்பு, எலி, சிலந்தி எல்லாம் தீயவை அல்ல. தாக்கினால் இரக்கம், நீதி, மானம் மூன்றிலும் 5 போகும். அவை உங்களைத் தாக்கினால் சண்டைக்களத்தில் விலகி நடந்து வெளியேறுங்கள், இரக்கமும் நீதியும் கூடும். அதே உத்தியைத் தீய அரக்கனான ஓர்க்கிடம் காட்டினால் வீரம் குறையும்.

மன்னர் லார்ட் பிரிட்டிஷின் கோட்டையில் இருக்கும் ஞானி ஹாக்விண்ட் எண்ணைச் சொல்ல மாட்டார், ஆனால் அவர் பதில் எண்ணைப் பொறுத்து மாறும். கோயிலுக்குப் போ என்று அவர் நேரடியாகச் சொல்லும்வரை அந்த அறத்துக்காகக் கோயில் பக்கம் போவது வீண்.

#10 பழைய_பிளாப்பி

இதோட மூலிகைக் கடையையும் சேர்த்துக்குங்க. கடைக்காரம்மாவுக்குக் கண் தெரியாது. எவ்வளவு வேணும்னு கேட்டு விலை சொல்வாங்க, பொன்னை எண்ணிப் போடுறது நீங்க. 40 பொன்னுக்கு வாங்கிட்டு 1 பொன் போட்டாலும் சரின்னு அனுப்பிடுவாங்க. நேர்மை, நீதி, மானம் மூணுலயும் ஒரே அடியா 10 போயிடும். சரியா எண்ணிப் போட்டா மூணுலயும் 2 கூடும். ஊர்ல இருக்கிற பெட்டியைத் திறந்தாலும் இதே மூணுல தலா 1 போகும்.

பணிவு குறைவா இருக்கேன்னு தேடுறவங்களுக்கு: "இந்த ஊர்லயே நீதான் பெரிய வீரனா"ங்கிற மாதிரி யாராவது கேட்டா ஆமான்னு சொன்னா 5 போகும், இல்லேன்னா 10 வரும். பெருமை பீத்தினா வேற எந்த வழியிலயும் சீக்கிரம் ஈடுகட்ட முடியாது.

#11 நிலவுவாசல்

அப்ப எண் எவ்வளவுன்னு சேமிப்புக் கோப்புலயே பார்க்கலாமா? மாத்த மாட்டேன், பார்க்க மட்டும்.

#12 மூலநிரல்

பார்க்கலாம். பார்ட்டி கோப்பு சரியாக 502 பைட். கோப்பின் பைட்டுகளைக் காட்டும் எந்த ஹெக்ஸ் எடிட்டரிலும் திறந்து, இடக்குறிப்பைத் தசமத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எண்கள் எல்லாம் சிறிய பைட் முன்னால் வரும் முறையில் இருக்கின்றன.

4-இலிருந்து நான்கு பைட்: மொத்த நகர்வுகள்.
8-இலிருந்து: எட்டுப் பேர், ஆளுக்கு 39 பைட்.
320-இலிருந்து நான்கு பைட்: உணவு, நூறால் பெருக்கியது.
324: பொன், இரண்டு பைட்.
326: நேர்மை. பிறகு இரண்டிரண்டாக இரக்கம் 328, வீரம் 330, நீதி 332, தியாகம் 334, மானம் 336, ஆன்மிகம் 338, பணிவு 340.
398-இலிருந்து: எட்டு மூலிகை, தலா இரண்டு பைட்.
414-இலிருந்து: கலந்து வைத்த 26 மந்திரங்கள்.
468, 469: உலகில் நீங்கள் நிற்கும் இடம், கிழக்கு மேற்கு முதலில்.

உணவு ஏன் நூறால் பெருக்கியது என்றால், ஒவ்வொரு நகர்வுக்கும் ஆளுக்கு நூற்றில் ஒரு பங்கு தீரும். எட்டுப் பேர் நூறு அடி நடந்தால் திரையில் 8 குறையும். 300 உணவோடு முழுக் குழு ஏறத்தாழ 3,750 நகர்வு தாங்கும்.

எச்சரிக்கை ஒன்று. அறத்தின் எண் 0 என்றால் மிகக் குறைவு என்று பொருளல்ல. அந்த அறத்தில் நீங்கள் கோயிலில் ஏறிவிட்டீர்கள் என்பதற்கான அடையாளம் அது. ஏறிய பிறகு தவறு செய்தால் தண்டனை கழிந்து மறுபடி எண்ணாக மாறும், "எட்டில் ஒன்றை இழந்தாய்" என்று திரையில் வரும். தவறி 0 எழுதிவிட்டால் கோயிலுக்குப் போகாமலேயே ஏறிவிடுவீர்கள்.

#13 கேட்ரிட்ஜ்

கப்பல் இல்லாம ஒரு தீவுல மாட்டிக்கிட்டா இந்த 468, 469-ஐ மாத்தி வெளிய வரலாமா? வேற இடத்துக்குக் கொண்டுபோற நிலவு வாசலும் பக்கத்துல இல்லேன்னா?

#14 மூலநிரல்

வரலாம், உலக வரைபடத்தில் சேமித்திருந்தால் மட்டும். 500-ஆம் பைட் 0 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறு எண் இருந்தால் நீங்கள் ஊருக்குள்ளோ நிலவறைக்குள்ளோ இருப்பதாக ஆட்டம் நினைக்கிறது. பிறகு 468-இல் 86, 469-இல் 107. அது மன்னர் லார்ட் பிரிட்டிஷின் கோட்டை வாசல். 474-ஆம் பைட்டில் 31 வையுங்கள், நடந்து வருகிறீர்கள் என்று பொருள். அதில் கப்பலின் எண்ணே இருந்துவிட்டால் தரையில் கப்பலோடு நிற்பீர்கள், நகரவும் முடியாது.

இருப்பிடம் சொல்லும் கருவியான செக்ஸ்டன்ட் காட்டும் எழுத்துகளும் இதே எண்கள்தான். உலகம் 256-க்கு 256 கட்டம். ஆங்கிலத்தின் முதல் 16 எழுத்துகளை 0 முதல் 15 வரை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையில் நின்று பார்த்தால் அகலக்கோடு ஜி, எல். நெடுக்கோடு எஃப், ஜி என்று வரும். ஜி 6, எல் 11: 6×16+11=107. எஃப் 5, ஜி 6: 5×16+6=86. யாராவது ஒரு பொருள் இருக்கும் இடத்தை எழுத்தில் சொன்னால் ஆட்டத்தோடு வந்த துணி வரைபடத்தில் அளவெடுத்துத் திணற வேண்டாம், அகலக்கோடு எப்போதும் முதலில் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

#15 சிட்பிரியன்

நிலவு வாசல் பேச்சு வந்ததால்: ஆட்டத்தின் இரண்டு நிலவுகளில் ட்ராமெலின் பிறை எந்த வாசல் திறக்கும் என்பதையும், ஃபெலுக்கா அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் முடிவு செய்யும். ட்ராமெல் ஒரு நிலையில் இருக்கும் நேரத்துக்குள் ஃபெலுக்கா மூன்று நிலை மாறிவிடும். ஆகவே வாசல் திறந்ததும் பாய வேண்டாம்; பக்கத்துக் கட்டத்தில் நின்று ஸ்பேஸ் விசையால் நகர்வைக் கடத்திக்கொண்டே ஃபெலுக்காவைப் பாருங்கள், வேண்டிய பிறை வந்ததும் அடி எடுத்து வையுங்கள். இது எல்லாக் கணினி வடிவத்திலும் ஒன்றுதான்.

#16 தமிழ்த்திரை

எக்ஸ்யு4 திறமூலம் என்கிறீர்கள். உரையாடல் கோப்புகளைத் தமிழில் மாற்றி ஓட்ட முடியுமா? யூனிகோடில் எழுதிச் சேமித்தால் போதாதா?

#17 மூலநிரல்

போதாது. ஓர் ஊருக்கு ஓர் உரையாடல் கோப்பு, அதில் 16 ஆட்கள், ஆளுக்குச் சரியாக 288 பைட். முதல் மூன்று பைட் கொடிகள்: எந்தப் பதிலுக்குப் பிறகு அவர் உங்களைக் கேள்வி கேட்பார், அது பணிவைப் பாதிக்குமா, பேச்சை முறித்துத் திரும்பிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு. மீதி 285 பைட்டுக்குள் பெயர், தோற்றம், தொழில், நலம், இரண்டு பதில்கள், கேள்வி, ஆம் என்றால், இல்லை என்றால், இரண்டு திறவுச்சொற்கள் எல்லாம் அடங்க வேண்டும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். மெய்யும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். 95 குறிக்குமேல் இடமில்லை, ஒரு நல்ல வாக்கியத்துக்கே சரியாகிவிடும்.

எழுத்துரு அடுத்த தடை. 128 எழுத்து, தலா 8-க்கு 8 புள்ளி. உரைப் பலகம் 16 எழுத்து அகலம், 12 வரி உயரம், அதாவது 128 புள்ளி அகலத்துக்குள் தமிழ் வரி. "ணை", "ஞௌ" எல்லாம் 8 புள்ளியில் நிற்காது.

செய்ய வேண்டுமானால் வழி இப்படி: உரையாடலைத் தனி உரைக்கோப்புக்கு நகர்த்தி நீளக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், எழுத்து வரையும் பகுதியை ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நூலகத்துக்கு மாற்றுங்கள், திரையை மூன்று மடங்கு பெருக்கி உரையை மட்டும் உயர் தெளிவில் வரையுங்கள். திறவுச்சொல் ஒப்பீடு நான்கு பைட்டை எடுக்கிறது; தமிழில் அது ஒரு குறியும் மூன்றில் ஒரு பங்கும். அதை எழுத்து எண்ணிக்கைக்கு மாற்றாவிட்டால் "மந்திரம்", "மருந்து", "மலை" மூன்றுக்கும் ஒரே பதில் வர வாய்ப்புண்டு. மன்னர், ஹாக்விண்ட், கடைக்காரர் பேச்சு இந்தக் கோப்புகளில் இல்லை, டாஸின் முதன்மை நிரல் கோப்புக்குள் புதைந்திருக்கிறது. மன்னர், ஹாக்விண்ட் பேச்சை எக்ஸ்யு4 அங்கிருந்துதான் எடுக்கிறது, அதைத் தனியே பிரிக்க வேண்டும்.

#18 பழைய_பிளாப்பி

ஆன்மிகக் கோயில் மந்திரத்தை மட்டும் மொழிபெயர்க்க வேண்டியதில்ல, நம்ம ஆளுங்க யாரையும் கேக்காமலே தட்டிடுவாங்க. ஆனா அந்தக் கோயிலுக்கு வழிதான் யாருக்கும் தெரியாது. ரெண்டு நிலவும் முழுசா இருக்கிறப்ப வாசல்ல நுழையணும்.

#19 நிலவுவாசல்

328-ல பார்த்தேன், 91. ஏன்னு புரிஞ்சிடுச்சு. ஏழு துணைவரையும் எப்ப சேர்க்க ஆரம்பிக்கலாம்?

#20 பழைய_பிளாப்பி

உங்க நிலை எத்தனையோ, உங்களோட சேர்த்து அத்தனை பேர்தான் குழுவுல. அனுபவப் புள்ளி 100, 200, 400, 800, 1600, 3200, 6400-ல நிலை ஏறும், ஆனா தானா ஏறாது, மன்னர்கிட்டப் போய் நிக்கணும். சேரப் போறவரோட அறத்துல 40-க்குக் கீழ இருந்தா அவர் வர மாட்டார். எட்டாம் நிலை வந்த பிறகு கடைசி நிலவறையான பாதாளத்துக்குப் போங்க. எட்டுப் பேர் இல்லாமப் போனா கடைசிக் கதவு வரைக்கும் இறங்கிட்டு, திரும்ப வெளிய வந்து விழுவீங்க.